நிசேயாவுக்கு முன்பே எழுந்த பாட்டு: இயேசுவின் இறைத்தன்மை குறித்த ஆதித் திருச்சபையின் விவாதம்

2025 நவம்பர் 28 அன்று, துருக்கியின் இஸ்னிக் ஏரிக்கரையில், ஒரு பழைய தேவாலயத்தின் இடிபாடுகளுக்கு அருகே போப் பதினான்காம் லியோவும் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் சேர்ந்து ஜெபித்தார்கள். இஸ்னிக்கின் பழைய பெயர் நிசேயா. கி.பி. 325இல் அங்கே கூடிய ஆயர்களின் பொதுச்சங்கத்துக்கு 1700 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி நடந்த வழிபாடு அது. நிசேயாவின் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: இயேசுவைக் கடவுளாக்கியது அந்தச் சங்கம்தானா?

பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, வாக்கெடுப்பு நடத்தி, ஒரு மனிதரைக் கடவுளாக அறிவித்தார் என்கிறது முதலாவது. அப்போஸ்தலர் காலம் முதலே எல்லாரும் ஒரே விதமாக நம்பினார்கள், ஆரியுஸ் என்ற ஒருவர் வந்து குழப்பினார் என்கிறது இரண்டாவது. நம்மிடம் உள்ள சான்றுகளோடு இரண்டுமே ஒத்துப்போகவில்லை. சான்றுகள் காட்டும் வரிசை வேறு. இயேசுவை நோக்கிப் பாடுவதும், வேண்டுவதும், அவர் பெயரைச் சொல்லித் தொழுவதும் முதலில் வந்தன. அப்படிச் செய்வது சரியா, சரியென்றால் அவர் யாராக இருக்க வேண்டும் என்ற விளக்கம் முந்நூறு ஆண்டுகள் பின்தங்கி, சண்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் நிசேயாவில் நடந்தது புரியும்.

## மூன்று கிரேக்கச் சொற்கள்

விவாதம் பெரும்பாலும் கிரேக்க மொழியில் நடந்தது. மூன்று சொற்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. புரோஸ்குனேயோ: விழுந்து பணிதல். தமிழருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரியவர் காலிலும் விழுகிறோம், சன்னதியிலும் விழுகிறோம். உடல் செய்வது ஒன்றே. உள்ளே இருக்கும் பொருள் வேறு. மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவின்முன் விழுவதற்கும், 18ஆம் அதிகாரத்து உவமையில் கடன்பட்ட ஊழியன் தன் எஜமான்முன் விழுவதற்கும் இதே வினைச்சொல்தான். பழைய தமிழ் வேதாகமம் பல இடங்களில் இதைப் "பணிந்துகொண்டார்கள்" என்று மொழிபெயர்த்திருப்பது நேர்மையானது. மூலத்தில் இருக்கும் இருபொருளை அது மறைக்கவில்லை.

2. லத்ரேயுவோ: தெய்வத்துக்குச் செய்யும் வழிபாட்டு ஊழியம். பலியிடுதல், ஆலயப் பணி முதலியவை இதில் அடங்கும். மத்தேயு 4:10 இரண்டு சொற்களையும் அருகருகே வைக்கிறது: "உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு, அவர் ஒருவருக்கே ஆராதனைசெய்வாயாக." புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டாவது சொல் இயேசுவை மட்டும் தனித்துக் குறித்து ஐயத்துக்கு இடமின்றி வருவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் தேவனையும் ஆட்டுக்குட்டியானவரையும் (அதாவது இயேசுவையும்) சேர்த்துச் சொல்லிவிட்டு, "அவரை" என்று ஒருமையில் முடிக்கும் ஒரு வரி உண்டு. அந்த "அவர்" யார் என்பதில் உரையாசிரியர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

3. கூரியோஸ்: "ஐயா" என்பதில் தொடங்கிக் "கர்த்தர்" என்பதுவரை நீளும் சொல். யோவான் 4இல் கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண், முன்பின் அறியாத ஒரு யூதரை இதே சொல்லால் அழைக்கிறாள். அங்கே அதற்கு வெறும் மரியாதைதான் பொருள். ஆனால் எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், உச்சரிக்கக் கூடாத இறைப்பெயரின் இடத்திலும் கூரியோஸ்தான் நின்றது. "இறை" என்றால் அரசனும் தெய்வமும், "கோயில்" என்றால் அரண்மனையும் ஆலயமும் என்று பழகிய மொழிக்காரர்களுக்கு இந்த நீட்சி விளங்கும்.

எந்த வசனத்திலும் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, வணங்கினார்கள்" என்றோ "வெறும் மரியாதைதான்" என்றோ முடித்துவிட முடியாது. சூழல்தான் பொருளைத் தரும்.

## படிக்கட்டும் பள்ளத்தாக்கும்

ரோம உலகில் மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடையே ஒரு படிக்கட்டு இருந்தது. வீரர்கள் அதில் ஏறினார்கள், பேரரசர்களும் ஏறினார்கள். இறந்த ஜூலியஸ் சீசரை ரோமச் செனட் தெய்வமாக அறிவித்தபின், அவருடைய வளர்ப்பு மகன் ஆக்டேவியன் "தெய்வத்தின் மகன்" என்று நாணயங்களில் பொறித்துக்கொண்டார். அந்த உலகில் ஒருவரைத் தெய்வம் என்றால், எந்தப் படியில் என்று கேட்பதே இயல்பு.

யூதர்களுக்கு அங்கே படிக்கட்டு இல்லை, ஆழமான பள்ளத்தாக்கு இருந்தது. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்பதைக் காலையும் மாலையும் சொன்ன மக்கள் அவர்கள். படைத்தவர் ஒரு பக்கம், படைக்கப்பட்ட எல்லாமும் மறுபக்கம். அந்தப் பள்ளத்தாக்கின் மேலே சில உருவங்கள் மிதந்தன என்பதும் உண்மைதான். நீதிமொழிகளில் ஞானம் ஒரு பெண்ணைப்போலப் பேசுகிறது. இயேசுவின் காலத்தவரான அலெக்சாந்திரியா நகரத்து யூத தத்துவவாதி ஃபைலோ, இறைவனின் லோகோஸை, அதாவது வார்த்தையை, ஓரிடத்தில் "இரண்டாம் தெய்வம்" என்றே சொல்கிறார். ஆனால் ஞானத்துக்கோ லோகோஸுக்கோ எருசலேம் ஆலயத்தில் பலிபீடம் இருந்ததில்லை; அவற்றின் பெயரைச் சொல்லிக் கூடிய சபையும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் ஒரு தேவதூதனின் காலில் விழும்போது, "தேவனைத் தொழுதுகொள்" என்று தூதன் தடுக்கிறான். ஒரு முறையல்ல, இரண்டு முறை. அதே நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவர்முன் பரலோகமே விழுகிறது. அங்கே யாரும் தடுக்கவில்லை. நூலின் ஆசிரியர் எங்கே கோடு போடுகிறார் என்பது இதில் தெரிகிறது.

## மிகப் பழைய அடுக்கு

இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30. நற்செய்தி நூல்களில் முதலாவதான மாற்கு எழுதப்பட்டது ஏறத்தாழ 70. பவுலின் கடிதங்கள் அதற்கும் முந்தியவை, 50-களைச் சேர்ந்தவை. ஆகவே தேட வேண்டிய முதல் இடம் பவுல்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் ஒரு வியப்பான காரியம் செய்கிறார். "கர்த்தர் ஒருவரே" என்ற யூத அறிக்கையை எடுத்து இரண்டாக விரிக்கிறார்: பிதாவாகிய ஒரே தேவன், இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தர். "தேவன்" என்ற சொல் ஒருவருக்கும் "கர்த்தர்" என்ற சொல் இன்னொருவருக்கும் போகிறது. "ஒரே" என்பது இருவரோடும் ஒட்டிக்கொள்கிறது. யூதராகப் பிறந்து, பரிசேயராக வளர்ந்த ஒருவர் இதை வாதிட்டு நிறுவவில்லை. வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது போலச் சொல்லிவிட்டு, விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை இந்தச் சாவதானம்தான் மிகப் பெரிய சான்று. புதிதாகப் புகுத்தப்படும் கருத்தை யாரும் இப்படிப் போகிற போக்கில் சொல்வதில்லை.

பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் இன்னும் வளமானது. "தேவனுடைய ரூபமாயிருந்தும்" தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவை மரணம்வரை தாழ்ந்தவரைத் தேவன் எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்தினார். அவருடைய நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்கிறது அந்தப் பகுதி. பவுலுக்கு முன்பே சபைகளில் பாடப்பட்ட பாட்டு இது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முழங்கால் முடங்கும் வரி ஏசாயா 45இலிருந்து வருகிறது. அங்கே "என்னையல்லாமல் வேறொருவர் இல்லை" என்று முழங்கும் இறைவனுக்கு முன்பாகத்தான் முழங்கால்கள் முடங்குகின்றன. எபிரேய வேதத்தில் ஒரே கடவுள் கொள்கையை இவ்வளவு உரத்துச் சொல்லும் பகுதிகள் சிலவே. அதை எடுத்தா இயேசுவுக்குச் சூட்டினார்கள் என்று நின்று யோசிக்க வைக்கும் இடம் இது. அதே சமயம், "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்று அந்தப் பாட்டு முடிவதையும் மறந்துவிடக் கூடாது. பின்னாளில் நிகழ்ந்த மோதலின் இரு தரப்புகளும் இந்த ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன.

மூன்றாவது சான்று ஒரு சிறு தொடர். அதே கொரிந்தியர் கடிதத்தின் முடிவில், கிரேக்கத்துக்கு நடுவே "மாரநாதா" என்று பவுல் எழுதுகிறார். அரமேய மொழியில் "எங்கள் ஆண்டவரே, வாரும்" என்று பொருள். கொரிந்துக்காரர்களுக்கு அரமேயம் தெரியாது. தெரியாத மொழியில் ஒரு வேண்டுதல் அவர்களிடம் புழங்கியது என்றால், அது அரமேயம் பேசிய முதல் சபைகளிலிருந்து அப்படியே வந்த வழிபாட்டு மொழி.

இது ஏன் முக்கியம்? ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பூசெட் 1913இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இயேசுவை "ஆண்டவர்" என்று வழிபடும் வழக்கம் பாலஸ்தீன யூதச் சீடர்களிடம் இல்லை. தெய்வங்கள் மலிந்த கிரேக்க நகரங்களின் புறவினத்து (யூதரல்லாத) சபைகளில் பிறந்தது என்பது அவர் வாதம். நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்த அந்த வாதத்தின் தொண்டையில் மாரநாதா முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

## ஆராதனையா, வணக்கமா?

அண்மைக் கால ஆய்வுலகில் இந்தக் கேள்வியை இரு அறிஞர்கள் எதிரெதிர் நின்று கூர்மையாக்கினார்கள். சொற்களைத் தனித்தனியே எடைபோடுவதைவிடச் சபை கூடியபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள் என்றார் லாரி ஹர்டாடோ. இயேசுவைப் பற்றிய பாடல்கள், இயேசுவிடம் வேண்டுதல், அவர் பெயரில் ஞானஸ்நானம், "கர்த்தருடைய" பந்தி, அவரே ஆண்டவர் என்ற அறிக்கை, அவர் வாக்காக உரைக்கப்பட்ட தீர்க்கதரிசனம் ஆகிய எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒருவரைச் சுற்றி அமைவது அன்றைய யூத உலகில் வேறெங்கும் கிடையாது என்பது அவர் வாதம். ஜேம்ஸ் டன் தயங்கினார். ஆராதனை என்ற முழுப் பொருளுள்ள சொற்கள் இயேசுவுக்கு அரிதாகவே வருகின்றன. பெரும்பாலான ஜெபங்கள் இயேசுவின் மூலமாகப் பிதாவை நோக்கிப் போகின்றன. இயேசுவுக்கு யாரும் பலியிடவில்லை என்றார்.

சொற்களைப் பற்றி டன் சொன்ன எச்சரிக்கை சரியானது. ஆனால் ஹர்டாடோ காட்டும் மொத்த அமைப்பு அதைவிடக் கனமானது என்றே நான் கருதுகிறேன். ரோமர் 10இல், கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவர்களைப் பற்றிய யோவேல் தீர்க்கதரிசியின் வரியைப் பவுல் இயேசுவுக்குப் பொருத்துகிறார். அங்கே "மூலமாக" என்ற பேச்சே இல்லை.

## வெளியே நின்றவர்கள் கண்டது

பக்தர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை விடுங்கள். பகைவர்களும் அதிகாரிகளும் கண்டது என்ன?

கி.பி. 112 வாக்கில், இன்றைய வட துருக்கியில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் ட்ராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களை என்ன செய்வது என்று கேட்டு எழுதிய கடிதம் அது. விசாரணையில் தெரியவந்ததாக அவர் குறிப்பிடுவது: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், தெய்வத்துக்குப் பாடுவதுபோலக் கிறிஸ்துவுக்கு மாறி மாறிப் பாட்டுப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். மறுப்பவர்களை அவர் சோதித்த முறையும் கவனிக்கத் தக்கது. தெய்வங்களை அழைத்து, ட்ராஜனின் உருவத்துக்குத் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதைச் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாக அவரே எழுதுகிறார்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளினியின் அந்த மாகாணத்து நகரங்களில் ஒன்றுதான் நிசேயா. அங்கே பாதி கட்டிய நாடக அரங்கு தரையில் அமிழ்வதைப் பற்றியும் அவர் ட்ராஜனுக்கு எழுதியிருக்கிறார். ஆயர்கள் அந்த ஊரில் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மாகாணத்தில் விடியற்காலைப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

ரோமின் பாலட்டைன் குன்றில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவர்க் கீறலில், கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். "அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்தது என்று பலர் கணிக்கும் இந்தக் கேலியின் உள்ளடக்கம் துல்லியமானது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற தத்துவவாதி நேரடியாகவே குத்தினார்: ஒரே கடவுளை மட்டும் வணங்குகிறோம் என்று பெருமை பேசும் இவர்கள், நேற்று வந்த ஒருவனை அளவுக்கு மீறி வணங்குகிறார்களே! நிசேயாவின் கேள்வியை முதலில் தெளிவாகக் கேட்டவர் ஒரு எதிரி.

இன்னொரு சான்று 2005இல் இஸ்ரேலின் மெகிதோ சிறைவளாகத்தில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. ஒரு வழிபாட்டுக் கூடத்தின் தரையில் பதித்த வண்ணக்கல் கோலத்தில், அகெப்டௌஸ் என்ற பெண் ஒரு மேசையைக் "கடவுளான இயேசு கிறிஸ்துவுக்கு" நினைவாக அளித்தாள் என்று பொறித்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று அகழ்வாய்வாளர்கள் கணித்தார்கள். அவள் இறையியல் விவாதத்தில் பங்கெடுத்தவளா என்று தெரியாது. மேசை வாங்கிக் கொடுத்தாள். பெயர் பொறிக்கச் சொன்னாள்.

## விளக்கத் தேடல்: ஐந்து வழிகள்

வழிபடுகிறோம், ஆனால் கடவுள் ஒருவர்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது எப்படி? இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் பல வழிகள் முயலப்பட்டன.

1. இயேசு மனிதர் மட்டுமே. எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவப் பிரிவினர் இப்படிச் சொன்னதாக எதிராளிகளின் நூல்கள் கூறுகின்றன.

2. இயேசு தெய்வம் மட்டுமே. உடல் வெறும் தோற்றம். அந்தியோக்கியாவின் ஆயர் இக்னாத்தியுஸ், 110 வாக்கில் எழுதிய கடிதங்களில் இதை வன்மையாக எதிர்த்தார். அதே கடிதங்களில் "நம் கடவுளாகிய இயேசு கிறிஸ்து" என்று இயல்பாக எழுதுகிறவரும் அவரே.

3. நல்ல மனிதர் ஒருவரைக் கடவுள் தத்தெடுத்துக்கொண்டார். இந்த வகைக் கருத்துக்காக, தோல் வேலை செய்த தெயோதோத்துஸ் என்பவர் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபையிலிருந்து விலக்கப்பட்டார். 268இல் அந்தியோக்கியாவின் ஆயர் சமோசாத்தா பவுல் பதவி இழந்தார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, கிறிஸ்துவை நோக்கிப் பாடப்பட்ட பாடல்களை "அண்மைக் காலத்தவர் எழுதியவை" என்று நிறுத்திவிட்டார் என்பது. கொள்கையை மாற்றியவர் பாட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. சபை அதைப் பொறுக்கவில்லை.

4. பிதாவும் குமாரனும் ஒரே ஆளின் இரு வேடங்கள். சபெல்லியுஸ் என்ற பெயரோடு இந்த வழி இணைந்துவிட்டது. அப்படியானால் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்ற கேள்விக்கு இதில் பதிலில்லை.

5. லோகோஸ் வழி. கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான யுஸ்தீனும் பிறகு ஒரிஜெனும் யோவான் நற்செய்தியின் "வார்த்தை"யைக் கிரேக்கத் தத்துவத்தின் லோகோஸோடு இணைத்தார்கள். குமாரன் பிதாவிலிருந்து பிறந்தவர், தெய்வம், ஆனாலும் ஒரு படி கீழே. ஜெபத்தைப் பற்றிய நூலில் ஒரிஜென், முறையான ஜெபத்தைக் கிறிஸ்துவிடம் அல்ல, கிறிஸ்துவின் மூலமாகப் பிதாவிடமே ஏறெடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். அறிவுறுத்த வேண்டியிருந்தது என்பதே, மக்கள் அப்படிச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி.

## ஆரியுஸ் கேட்ட கேள்வி

இந்த ஐந்தாம் வழி வசதியாக இருந்தது. "ஒரு படி கீழே" என்பதை யாரும் நெருக்கிக் கேட்காதவரை.

318 வாக்கில் அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுஸ் நெருக்கினார். பள்ளத்தாக்கின் எந்தப் பக்கத்தில் குமாரன் இருக்கிறார்? பிறந்தவர் என்றால் தொடக்கம் உண்டு. தொடக்கம் உண்டென்றால் "அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது". ஆகவே அவர் படைப்புகளில் தலைசிறந்தவர், மற்றவற்றைப் படைக்கக் கருவியாக நின்றவர், ஆனால் படைப்பு. இதைப் பாட்டாகவும் கட்டினார். மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி அவர் பாடல்கள் இயற்றியதாகப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

ஆரியுஸைக் கெட்டவராக வரைவது எளிது, நியாயமில்லை. கடவுளின் ஒருமையைக் காக்க வேண்டும் என்ற கவலை அவருடையது. வசனங்களும் அவரிடம் இருந்தன. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசுவே சொல்கிறார். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்கிறது மாற்கு 13. மிகவும் சச்சரவுக்குள்ளான வசனம் நீதிமொழிகள் 8:22. ஞானம் பேசும் அந்த வரியில் கிரேக்க மொழிபெயர்ப்பு "கர்த்தர் என்னைப் படைத்தார்" என்றது. நம் பழைய தமிழ் வேதாகமம் எபிரேயத்தைப் பின்பற்றிக் "கொண்டிருந்தார்" என்கிறது. ஒரு வினைச்சொல்லின் மொழிபெயர்ப்பின் மேல் ஒரு தலைமுறை சண்டையிட்டது.

## நிசேயாவில் நடந்ததும் நடக்காததும்

324இல் பேரரசின் கிழக்குப் பகுதியையும் வென்ற கான்ஸ்டன்டைன், சபை பிளவுபட்டுக் கிடப்பதைக் கண்டு, அடுத்த ஆண்டு ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. ஆதியாகமத்தில் ஆபிரகாமின் ஆட்கள் 318 பேர் என்பதோடு ஒத்துப்போகும் எண் அது. உடனிருந்தவர்களின் குறிப்புகள் 250க்கும் 300க்கும் இடையே நிற்கின்றன.

வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் சேர வேண்டும் என்று அங்கே முடிவு செய்யப்படவில்லை. இயேசு வெறும் மனிதரா, தெய்வமா என்ற கேள்வியும் அங்கே வைக்கப்படவில்லை. ஆரியுஸே அவரை மனிதர் மட்டும் என்று சொன்னவர் அல்ல. உலகம் உண்டாகுமுன்பே இருந்த தெய்வீக உருவம் என்றே சொன்னார். அவர் எந்த அர்த்தத்தில் தெய்வம், பிதாவைப் போலவா, பிதாவுக்குக் கீழா என்பதே கேள்வி.

அத்தனாசியுஸ் அப்போது தன் ஆயருக்கு உதவியாக வந்த இளைஞர். பிற்பாடு அவர் எழுதிய விவரம் உயிருள்ளது. சங்கத்தின் விசுவாச அறிக்கையில், குமாரன் "தேவனிடத்திலிருந்து வந்தவர்" என்று வேதச் சொல்லாலேயே எழுதிவிடலாம் என்றார்கள் ஆயர்கள். ஆரியுஸின் ஆதரவாளர்கள் சம்மதித்தார்கள்: எல்லாமே தேவனிடத்திலிருந்துதானே வந்தன! குமாரன் "தேவனுடைய வல்லமை" என்றால், வெட்டுக்கிளிக் கூட்டத்தையும் கிரேக்க வேதம் கர்த்தரின் பெரிய வல்லமை என்கிறதே என்று மடக்கினார்கள். தங்களுக்குள் கிசுகிசுத்து, கண்சாடை காட்டிக்கொண்டார்கள் என்கிறார் அத்தனாசியுஸ். வேதச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இரு பொருள் சொல்ல முடிந்ததால், ஒரு பொருள் மட்டுமே தரும் சொல் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் ஹோமோஊசியோஸ்: பிதாவோடு ஒரே பொருளானவர், அதாவது பிதாவின் அதே உள்ளியல்பைக் கொண்டவர்.

அந்தச் சொல் வேதத்தில் இல்லை. இரகசிய ஞானத்தால் மீட்பு என்று நம்பிய ஞானவாதக் குழுக்கள் அதைப் பயன்படுத்தியிருந்தன. வேடங்கள் என்று சொன்ன சபெல்லியுஸின் வாடையும் அதில் அடித்தது. சொல்லை விரும்பாத பலரும் கையெழுத்திட்டார்கள். லிபியாவைச் சேர்ந்த தெயோனாஸ், செகுந்துஸ் என்ற இருவர் மறுத்து, ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டார்கள். பேரரசரின் அழுத்தம் இருந்ததா? நிச்சயம் இருந்தது. ஆனால் கான்ஸ்டன்டைனின் கவலை ஒற்றுமை. சில ஆண்டுகளில் ஆரியுஸைத் திரும்ப அழைத்தவரும் அவரே. 337இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸ், ஆரியுஸின் நெடுநாள் ஆதரவாளர். பேரரசர் தன் இறையியலைத் திணித்தார் என்ற கதை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

## ஐம்பத்தாறு ஆண்டுச் சண்டை

சங்கம் எதையும் முடித்துவைக்கவில்லை. கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸ் எதிர்த் தரப்பை ஆதரித்தார். 359இல் அவர் கூட்டிய சங்கங்களில் "ஒரே பொருள்" கைவிடப்பட்டது. உலகம் தான் ஆரியுஸின் வழிக்குப் போய்விட்டதைக் கண்டு வியந்து புலம்பியது என்று இறையியலாளர் ஜெரோம் எழுதினார். அலெக்சாந்திரியாவின் ஆயராகிவிட்ட அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் தன் ஊருக்கு வெளியே கழித்தார்.

அவருடைய வாதத்தின் மையத்தில் வழிபாடு நின்றது. நீங்களும் குமாரனைத் தொழுகிறீர்கள், அவர் பெயரிலும் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள் என்று எதிராளிகளைப் பார்த்துச் சொன்னார். அவர் படைப்பு என்றால் நீங்கள் படைப்பைத் தொழுகிறீர்கள். புறஜாதியாரைக் கண்டிக்கும் காரணம் உங்களுக்கே பொருந்துகிறது. தொழுவதை நிறுத்துங்கள், அல்லது படைப்பு என்று சொல்வதை நிறுத்துங்கள். செல்சஸ் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வெளியே நின்று எறிந்த கல்லை அத்தனாசியுஸ் உள்ளேயிருந்து எடுத்து வீசினார்.

சாதாரண மக்களிடமும் இது பரவியிருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் ரொட்டி என்ன விலை என்று கேட்டால், பிதா பெரியவர், குமாரன் கீழ்ப்பட்டவர் என்று பதில் வருகிறது. குளிக்க நீர் தயாரா என்றால், குமாரன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர் என்கிறார்கள் என்று நிசா நகரத்து ஆயர் கிரகோரி சலித்துக்கொள்கிறார்.

## "மூலமாக" என்பதும் "உம்" என்பதும்

சண்டை இறுதியில் வழிபாட்டின் மிகச் சிறிய சொற்களுக்கு வந்து சேர்ந்தது. "குமாரன் மூலமாக, ஆவியில், பிதாவுக்கு மகிமை" என்பது ஒரு பழைய வாய்பாடு. "பிதாவுக்கும் குமாரனுக்கும் ஆவிக்கும் மகிமை" என்பது இன்னொன்று. முன்னதில் படிகள் தெரிகின்றன. பின்னதில் மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழில் இந்த வேறுபாடு முழுவதையும் "உம்" என்ற ஓர் இடைச்சொல் தாங்குகிறது. இலக்கணத்தில் எண்ணும்மை என்று படித்த அதே "உம்". இன்று தமிழ்ச் சபைகளில் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லப்படும் திரித்துவ வாழ்த்தில் நிற்பது அதுதான்.

350-களில் அந்தியோக்கியாவின் ஆயராக இருந்த லெயோந்தியுஸிடம் இரு தரப்பாரும் ஒரே கோயிலில் வழிபட்டார்கள். பாட்டின் முடிவில் ஒவ்வொரு தரப்பும் தன் வாய்பாட்டைப் பாடியது. ஆயர் எதைச் சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "என்றென்றைக்கும்" என்ற கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வாராம்.

செசரியாவின் ஆயர் பசிலியுஸ் முணுமுணுக்கவில்லை. பொது வழிபாட்டில் இரு வாய்பாடுகளையும் பயன்படுத்தினார். புதுமை செய்கிறார் என்று குற்றம்சாட்டப்பட்டபோது, 375 வாக்கில் அந்த வேற்றுமைச் சொற்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதில் அவர் பரிசுத்த ஆவியைக் குறித்து "ஒரே பொருளானவர்" என்ற சொல்லை எங்கும் திணிக்கவில்லை. ஞானஸ்நானத்தில் சேர்த்துச் சொல்கிறோம், ஆகவே வாழ்த்திலும் சேர்த்தே சொல்வோம் என்றார்.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 381இல், பேரரசர் தெயோதோசியுஸ் கான்ஸ்டாண்டிநோபிளில் கூட்டிய சங்கத்தோடு இணைத்து அறியப்படும் விசுவாசப் பிரமாணம் அதே வழியில் சென்றது. ஆவியானவரை அது வரையறுக்கும் இடத்தில் ஹோமோஊசியோஸ் இல்லை. பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்படுகிறவர், கூட மகிமைப்படுத்தப்படுகிறவர் என்று இருக்கிறது. அங்கே "தொழப்படுகிறவர்" என்பதற்கு நிற்கும் கிரேக்க வினை புரோஸ்குனேயோ. உவமையில் கடன்பட்ட ஊழியன் எஜமான்முன் விழுந்ததற்கு மத்தேயு எழுதிய அதே சொல். "கூட" என்ற முன்னொட்டு மட்டும் சேர்ந்திருக்கிறது.